வெயில் ஊருக்கு ஒரு பைன் மரம்!

கொடைக்கானல் போய்வருகிற குடும்பங்களுக்கெல்லாம் ஒரு ஆசை தொற்றிக்கொள்கிறது. குழந்தைகள் அங்கே பைன் காட்டில் ஓடி விளையாடிவிட்டு, பை நிறைய பைன் காய்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வந்ததும், “அம்மா, நம்ம வீட்டுலயும் இந்த மரம் வைக்கலாமா?” என்று ஆரம்பிப்பார்கள். குழந்தைகளை விடுங்கள், பெரியவர்களுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? அக்னி நட்சத்திரத்தில் அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும்போது அந்தக் குளிர்ந்த நிழல் நினைவுக்கு வந்தால் யாருக்குத்தான் மனசு அலையாது!

எங்கள் தவளக்குப்பத்துப் பெண்களுக்கும் இந்த ஆசை உண்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், அரியாங்குப்பம் தாண்டினால் எங்கள் ஊர். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். மணல் கலந்த மண். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை ‘போதும் போதும்’ என்றாகிவிடும். தை பிறந்துவிட்டாலோ, பிறகு ஐந்தாறு மாதத்துக்கு ஒரு தூறலுக்கு ஏங்க வேண்டியதுதான். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும். போதாக்குறைக்கு, கடலோரத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் பைன் மரம் வளருமா?

இருபது வருஷத்துக்கு மேலாக மரம், செடி என்று மண்ணில் கை வைத்துக்கொண்டிருப்பவள் நான். அதனால் அக்கம்பக்கத்தில் பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: “பைன் வேண்டாம். பைன் மாதிரியே ஒருத்தி நம்மகிட்டயே இருக்கா. அவளை வையுங்க!”

அவள்தான் சவுக்கு.

‘ப்பூ, சவுக்கா! பந்தலுக்குக் கால் நடுகிற கட்டைதானே?’ என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்கள்.

அசல் பைன் ஏன் சரிப்படாது?

பைன் என்றாலே பனி கொட்டுகிற ஊரில்தான் வளரும் என்று நினைக்கிறோம். அது முழு உண்மை இல்லை. வறட்சியைத் தாங்குகிற பைன்களும் உலகத்தில் இருக்கின்றன. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் அலெப்போ பைன் என்று ஒரு வகை உண்டு. இஸ்ரேலில் நெகவ் பாலைவனத்தின் ஓரத்தில், யாத்திர் என்ற இடத்தில், 1964-இல் பெரும்பாலும் இந்த மரத்தையே நட்டு ஒரு காடு வளர்க்கத் தொடங்கினார்கள். அங்கே வருஷம் முழுவதற்கும் சேர்த்துப் பெய்கிற மழை சுமார் 28 சென்டிமீட்டர்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்த மழை அதைவிட அதிகம்!

அவ்வளவு குறைந்த தண்ணீரில் அது எப்படிப் பிழைக்கிறது? பைனின் இலை ஊசி மாதிரி ஒல்லி. அதன்மேல் மெழுகு பூசினாற்போல ஒரு படலம். மூச்சு விடுகிற துவாரங்கள் உள்ளடங்கி இருக்கும். அதனால் வெயிலில் ஆவியாகிப் போகிற தண்ணீர் மிகவும் குறைவு. முதல் தேதி வாங்கிய சம்பளத்தை மாதக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிக்கிற குடும்பத் தலைவி மாதிரிதான்!

அப்படியானால் நம் ஊரிலும் வளர வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்த மரத்துக்குப் பழக்கமான வறட்சி வேறு, நம் வறட்சி வேறு. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடையில் காற்று உலர்ந்திருக்கும், ராத்திரியில் குளிரும். இங்கேயோ ராத்திரியிலும் புழுக்கம் விடாது. மழை இரண்டு மூன்று மாதத்தில் மொத்தமாகக் கொட்டி வேரைச் சுற்றித் தேங்கி நிற்கும். வறட்சியைத் தாங்குகிற வேர் தேங்கின தண்ணீரைத் தாங்காமல் அழுகிவிடும்.

சரி, கொடைக்கானல் பைன்? அது இருப்பது சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். அங்கேயும் ஊட்டியிலும் நட்ட பைன்களில் முக்கியமான ஒரு வகை மெக்சிகோ நாட்டு மலைகளைச் சேர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்குப் பிறந்ததைக் கீழே கொண்டுவந்து தவளக்குப்பம் வெயிலில் நிறுத்தினால் பாவம், அது என்ன செய்யும்? எங்கள் எதிர் வீட்டுத் தங்கச்சி, வண்டியில் செடி விற்க வந்தவரிடம் ‘பைன்’ என்று சொன்னதை நம்பி ஒரு கன்று வாங்கி வைத்தாள். முதல் கோடையைத் தாண்டியது. இரண்டாவது சித்திரையில் நுனி பழுத்து, வைகாசியில் விறகாகிவிட்டது.

தொட்டியில் நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மரம்’

நர்சரிகளில் அடுக்கடுக்காகக் கிளை விட்டு, குடை விரித்தாற்போல ஒரு செடி தொட்டியில் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்றும் ‘பைன்’ என்றும் சொல்லி விற்கிறார்கள். அதன் பெயர் அரோகேரியா. பைனுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். அதில் ஒரு வகை, குக் பைன் என்பது, நியூ கலிடோனியா என்ற பிரெஞ்சுத் தீவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் புதுச்சேரிக்கு ஒரு வகையில் உறவு முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த மரத்திடம் ஒரு வேடிக்கையான குணம் உண்டு. பூமத்திய ரேகை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சாய்ந்து வளரும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பல நாடுகளில் இந்த மரங்களை அளந்து பார்த்து இதைச் சொன்னார்கள். நம் ஊரில் தெற்கே சாயும் என்று அர்த்தம். வெயில் தாங்கும், ஆனால் இளம் பருவத்தில் தண்ணீர் தவறாமல் வேண்டும். தொட்டியில் நாலைந்து வருஷம் அழகாக இருக்கும். நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் என்று பார்த்தால் இதை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

பைன் இல்லாத பைன்

இப்போது நம் சவுக்குக்கு வருவோம். அமெரிக்காவில் இதற்குப் பெயரே ‘ஆஸ்திரேலியப் பைன்’ என்பதுதான். பார்வைக்கு அப்படியே பைன். காற்றடித்தால் கடல் அலை மாதிரி ‘உஸ்ஸ்’ என்று சத்தம் கொடுக்கும். காய்கூடக் குட்டிப் பைன் காய் மாதிரிதான் இருக்கும். ஆனால் தாவர சாஸ்திரப்படி இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சவுக்கு பூப்பூக்கிற மரம். பைன் அப்படி இல்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு விளையாட்டுச் சொல்லித்தருகிறேன். சவுக்கு ‘ஊசி’ ஒன்றைப் பறித்து, இரண்டு கையாலும் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கணுவில் ‘டக்’ என்று கழன்று வரும். மறுபடி சொருகினால் ஒட்டினாற்போல் நிற்கும். பூதக்கண்ணாடி வைத்துக் கணுவைப் பார்த்தால், அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக ஆறிலிருந்து எட்டுப் பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் நிஜமான இலை! நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையே இல்லை, பச்சையான குச்சி. இலையைப் பல் அளவுக்குச் சுருக்கிவிட்டு, இலையின் வேலையைக் குச்சியே செய்கிறது. சுவாசத் துவாரங்கள் அந்தக் குச்சியில் உள்ள பள்ளமான கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். தண்ணீர்ச் சிக்கனத்தில் பைனுக்கு இவள் சளைத்தவள் இல்லை.

இன்னொரு ரகசியம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சவுக்கு வேரில் பவளக்கொத்து மாதிரி முண்டு முண்டாக இருக்கும். அதற்குள் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிறது. பயறு, உளுந்துக்குக் கிடைக்கிற அதே சௌகரியம்! சத்தே இல்லாத வெறும் கடல் மணலில் சவுக்கு மட்டும் தளதளவென்று வளர்வதற்கு இதுதான் காரணம். உப்புக்காற்றையும் ஓரளவு உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும்.

கடற்கரையில் வந்த கதை

சவுக்கு நம் கரையில் பிறந்ததல்ல. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவை அதன் தாய்வீடு. அந்தமான் கரையில் தானாகவே வளர்கிறது. சோழமண்டலக் கரைக்கு அதைக் கொண்டுவந்து பெரிய அளவில் நட்டது 19-ஆம் நூற்றாண்டில். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்ததல்லவா? ரயில் எஞ்சினுக்கும் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டியிருந்தது. பச்சையாக இருக்கும்போதே எரிகிற சவுக்கு கைகொடுத்தது.

அந்த மணலில் அத்தனை கன்றுகளையும் பிழைக்க வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான்! மணலில் ஆழமில்லாத ஊற்றுக் கேணி தோண்டி, ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தால் மொண்டு ஊற்றுவார்கள். என் மாமியார் கல்யாணமாகி வந்த புதிதில், எங்கள் குடும்பத்துக்குப் பத்துக் குழி மணல் கொல்லை இருந்தது. “விடியக்காலையில ஆளுக்கு ரெண்டு குடம். வெயில் ஏறுறதுக்குள்ள நூறு நடை நடந்திருப்போம். சவுக்குக்குத் தண்ணியே வேணாம்னு சொல்றவங்க யாரும் குடம் தூக்கினவங்க இல்ல” என்பார். சவுக்கு வறட்சியைத் தாங்கும் என்பது நிஜம். ஆனால் வேர் பிடிக்கிற முதல் இரண்டு வருஷத்துக்கு அது பச்சைக் குழந்தைதான். இதை மறந்துவிட்டுத்தான் பலரும், ‘வச்சேன், வரல’ என்று கையை விரிக்கிறார்கள்.

சுனாமியின்போது

2004 டிசம்பர் 26-ஐ நம் கடலோரத்தில் யாரும் மறக்க முடியாது. அதற்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள் 2005-இல் ‘சயின்ஸ்’ என்ற ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். கரையோரச் சவுக்குத் தோப்புகளில் கடலுக்கு நேரே இருந்த முன்வரிசை மரங்கள்தான் விழுந்தன, அதற்குப் பின்னால் இருந்தவை நின்றன என்பது அவர்கள் கண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் நாலுவேதபதி என்ற கிராமத்தில், சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்பு, 2002 டிசம்பரில், ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அவற்றில் ஏராளமானவை சவுக்கு. அலை வந்தபோது அந்த இளம் தோப்பு கிராமத்துக்கு முன்னால் நின்று வேகத்தைக் குறைத்தது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

ஆனால் மரம் மட்டும் போதும் என்று நினைத்துவிடக்கூடாது. எங்கள் பக்கத்துக் கடலோரக் கிராமம் நல்லவாடு. அன்றைக்கு அந்த ஊரைக் காப்பாற்றியது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு வெளியேறிவிட்டார்கள். மரம் வேகத்தைக் குறைக்கும். ‘ஓடு’ என்று சொல்லாது. புயல் எச்சரிக்கை வந்தால், ‘நமக்குத்தான் தோப்பு இருக்கே’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

தானே புயல் கற்றுக்கொடுத்தது

2011 டிசம்பர் 30. விடிந்தும் விடியாத வேளையில் தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் காற்று. பலா, முந்திரி, சவுக்கு எதுவும் பாக்கி இல்லை. எங்கள் தெருவின் கடைசி வீட்டில், அடுப்படிச் சுவரை ஒட்டினாற்போல் ஒற்றைச் சவுக்கு ஒன்று, பத்து வருஷத்து மரம், நெட்டையாக நின்றது. மழையில் மண் ஊறியிருந்தது. ஒரே தள்ளில் வேரோடு பிடுங்கிக்கொண்டு அடுப்படிக் கூரைமேல் விழுந்தது. நல்லவேளை, அந்த வீட்டு அக்கா வழக்கமாகப் பால் காய்ச்சுகிற நேரத்தில், குழந்தைகளைக் கட்டிக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பழக்கம் மாறியதால் ஓர் உயிர் தப்பியது.

இன்னொரு குடும்பத்தின் கதை வேறு மாதிரி. பெண்ணின் கல்யாணத்துக்கென்றே சவுக்கு போட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் சவுக்கு என்பது பாங்குக் கணக்கு மாதிரிதானே? பெண் பத்தாவது படிக்கும்போது நட்டால், நாலு வருஷத்தில் வெட்டி நகை வாங்கலாம் என்று கணக்கு. தை மாதம் வெட்ட வேண்டியது. மார்கழியில் எல்லாம் படுத்துவிட்டது. மரம் விழுந்தாலும் கட்டை கட்டைதான். ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விற்க வந்தால் யார் விலை கொடுப்பார்கள்? வியாபாரி சொன்னதுதான் விலை. கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் சொன்னார்: “மரம் தப்பு பண்ணலக்கா. மொத்தத்தையும் ஒரே வருஷத்துல போட்டதுதான் வினை.”

சத்தியமான வார்த்தை. கொல்லையில் சவுக்கு போடுகிறவர்கள் பாதியை இந்த வருஷமும் பாதியை இரண்டு வருஷம் கழித்தும் போடுங்கள். நடுவே பனை, புன்னை, பூவரசு, வேம்பு என்று நம் மரங்களையும் கலந்து வையுங்கள்.

வீட்டில் வைப்பது எப்படி?

எந்த இடம்: தவளக்குப்பம் மாதிரி ஊரில் மதியத்துக்குமேல் கிழக்கிலிருந்து வருகிற கடற்காற்றுதான் நமக்குக் குளிர்சாதனம். அந்தப் பக்கத்தை அடைத்துவிடாதீர்கள். மேற்கிலும் தென்மேற்கிலும் வையுங்கள். சாயங்கால வெயிலும், ஆனி, ஆடியில் அனல் வீசும் மேல்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. சுவர் காற்றைத் தடுத்துச் சுழல வைக்கும். சவுக்கு வரிசையோ வடிகட்டி மாதிரி கொஞ்சம் விட்டு, கொஞ்சம் தடுத்து, வேகத்தைக் குறைத்து அனுப்பும். வரிசை எவ்வளவு உயரமோ அதைப்போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் அதன் பலன் தெரியும்.

மரமாகவா, வேலியாகவா: சவுக்கை விட்டால் 20 மீட்டருக்கும் மேலே போகும். விழுந்தால் வீட்டைத் தொடாத தூரம் இருந்தால் மட்டும் மரமாக விடுங்கள். ஒரு மனை, அரை மனை என்று சின்ன இடமாக இருந்தால் வேலியாக வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்றரை அடிக்கு ஒரு கன்று. இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஐந்தாறு அடியில் நிறுத்தி, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கத்தரியால் வெட்டிவிட்டால் அடர்த்தியாக, பச்சைச் சுவர் மாதிரி அழகாக நிற்கும். எப்போதும் பச்சையாக உள்ள பகுதியை மட்டும் வெட்டுங்கள். அடியோடு வெட்டினால் நாட்டுச் சவுக்கு பெரும்பாலும் துளிர்க்காது.

எப்போது: ஐப்பசி மழை இரண்டு பெய்து மண் இறங்கின பிறகு. ஒரு அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி போதும். மணலாக இருந்தால் மக்கின சாணம் ஒரு கூடை. களிமண்ணாக இருந்து தண்ணீர் தேங்கும் என்றால் மேடு கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் சவுக்கை மறந்துவிடுங்கள்.

ஒரு பிடி தாய்மண்: இதுதான் முக்கியம். பழைய சவுக்குத் தோப்பு எங்கேயாவது இருந்தால், ஆரோக்கியமான மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து குழியில் போடுங்கள். வேரில் குடியிருக்கிற அந்த நுண்ணுயிர் புது வீட்டுக்கும் வந்து சேரும். தோசைமாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பதில்லையா, அதே கணக்குதான்.

தண்ணீர்: தை முதல் ஆடி வரைக்கும், முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு தடவை கன்றுக்கு ஒரு குடம். இரண்டாம் வருஷம் வாரம் ஒன்று. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே போதும்; சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஓட்டை விழுந்த மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து, ஓட்டையில் துணித்திரி வைத்து நிரப்பிவிட்டால், சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். ஊருக்குப் போனாலும் கவலை இல்லை.

நோய்: பட்டையில் கொப்புளம் கிளம்பி, உரித்தால் உள்ளே கரிப்பொடி மாதிரி இருந்தால் அது பொல்லாத பூஞ்சணம். அந்த மரத்தைக் காப்பாற்ற முடியாது. வேரோடு எடுத்துத் தூரமாகக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அதே இடத்தில் மறுபடி சவுக்கு வைக்காதீர்கள்.

நிறையப் போட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கோயம்புத்தூரில் 1988 முதல் இயங்குகிற வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம், சீக்கிரம் வளர்கிற கலப்பினச் சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காகிதக் கூழுக்குச் சவுக்கு வாங்குகிறது. விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில்

சவுக்கு வருஷத்தில் இரண்டு பருவம் பூக்கும். அப்போது கிளை நுனியெல்லாம் துரு ஏறினாற்போல் பழுப்பாக இருக்கும். மகரந்தம் காற்றில்தான் பரவுகிறது. வீட்டில் யாருக்காவது இளைப்போ, தும்மல் ஒவ்வாமையோ இருந்தால் படுக்கை அறை ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள். வேலியாக வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் பூ குறைவு.

உதிர்ந்த காய்கள் சின்னவை, சொரசொரப்பானவை. தவழ்கிற குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், ஜாக்கிரதை! உதிர்ந்த சருகு சிமெண்டுப் படியில் வழுக்கும். காய்ந்த சருகு சட்டென்று தீப்பிடிக்கும். கூரைக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் குவிக்காதீர்கள். அதையே மற்றச் செடிகளின் அடியில் மெல்லியதாகப் பரப்பினால் மண் ஈரம் காயாது, களையும் முளைக்காது. வெந்நீருக்குச் சவுக்கு மிலாறு எரிக்கிறவர்கள், கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அந்தப் புகையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆமைக்கும் ஒரு பங்கு

கடற்கரையை ஒட்டி வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தை முதல் பங்குனி வரைக்கும் நம் மணலில் பங்குனி ஆமை ஏறி வந்து முட்டையிடும். அலை தொடுகிற இடம் வரைக்கும் சவுக்கை நெருக்கி நட்டுவிட்டால், பாவம், வேரும் சருகுமாக அதற்குக் குழி தோண்டவே இடமிருக்காது. கரையோர மணல்மேட்டை அடப்பங்கொடிக்கும் ராவணன் மீசைப் புல்லுக்கும் விட்டுவிடுங்கள். மணலைப் பிடித்து நிறுத்த அவை போதும். சவுக்கு அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

ஆக, பைன் மரத்துக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நம் மண்ணுக்கும் நம் வெயிலுக்கும் எது ஒத்துப்போகும் என்று பார்த்து வைத்தால் ஆசையும் நிறைவேறும், காசும் வீணாகாது. வீட்டுக்கு மேற்கே ஐந்தே ஐந்து கன்று வைத்துப் பாருங்கள், சகோதரிகளே. இரண்டு வருஷம் நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவது கோடையில், தொட்டிலில் தூங்குகிற குழந்தையின்மேல் சாயங்கால வெயில் விழாது. அடுத்த மழை ஐப்பசியில். இப்போதே குழிக்கு இடம் பார்த்துவிடுங்கள்!